ஞாயிறு காலைப் பாய்ம வகுப்பு: மாவுத் தொட்டியிலிருந்து சூரியக் காற்று வரை

அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காடு ரோட்டில் போனால், உள்ளே திரும்புகிற தெருக்களில் ஒன்றில் ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் தன் வீட்டு மாடிக் கொட்டகையில் வகுப்பு எடுக்கிறார். விண்மீன்களுக்கும் அவற்றுக்கு இடையில் கிடக்கிற வாயுவுக்கும் பொருந்துகிற பாய்ம இயக்கவியல்தான் பாடம்; பாய்மம் என்றால் திரவம், வாயு மாதிரி ஓடுகிறது எல்லாம். பதினாறு ஞாயிறுகள், காலை 7 மணி முதல் 10.30 வரை. நடுவில் ஒரு வாரம் மட்டும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஏற்காட்டில். மொத்தக் கட்டணம் 4,500 ரூபாய். ஏற்காடு பஸ் செலவும் சாப்பாடும் நம் கையிலிருந்து. ஆடியில் ஆரம்பித்து ஐப்பசிக் கடைசியில் முடித்தேன். சேலத்தில் இப்படி ஒரு வகுப்பு நடப்பதே பலருக்குத் தெரியவில்லை என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எங்கள் வீட்டுத் தொழில் சேகோ, அதாவது ஜவ்வரிசி. ஆத்தூர் ரோட்டில் அப்பா காலத்து ஃபேக்டரி, இப்போது அண்ணன் பார்க்கிறார், மாவுத் தரம் பார்ப்பது என் வேலை. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துப் பதினேழு வருடம் ஆகிறது. வானியல் ஆசை மட்டும் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பாடத்தை ஆன்லைனில் பணம் கட்டிச் சேர்ந்தேன். முதல் வாரமே டென்சரில் தொடங்கினார்கள். மூன்றாவது வாரம் நிறுத்திவிட்டேன். பாடம் கஷ்டம் என்பதால் நிறுத்தவில்லை. எதற்காக இதைப் போடுகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால் பதிலும் வரவில்லை.

இங்கே முதல் ஞாயிறு சார் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதினார். "இது பாய்மம்தானா?" பதினாறு வாரமும் அந்தப் பலகையின் இடது மேல் மூலையில் அது அழியாமல் இருந்தது. எனக்கு இந்த வகுப்பு பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அந்தக் கேள்விதான், அதனால் அதிலிருந்தே வருகிறேன்.

தண்ணீர், காற்று எல்லாமே தனித்தனி மூலக்கூறுகள்தான். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே பொருளாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் அடர்த்தி இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று சமன்பாடு எழுதுகிறோம். ஆய்லர் 1750-களில் எழுதியது, பாகுநிலையை, அதாவது பாய்மத்தின் உள் உராய்வை, சேர்த்து நேவியர் 1822-லும் ஸ்டோக்ஸ் 1845-லும் விரித்தது எல்லாமே இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. நம்பிக்கை எப்போது செல்லும்? ஒரு மூலக்கூறு அடுத்ததோடு மோதுவதற்கு முன் சராசரியாகப் போகிற தூரம், அதாவது பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் வருகிற சராசரி மோதலிடைத் தூரம், நாம் பார்க்கிற பொருளின் அளவைவிட மிகச் சிறியதாக இருந்தால் செல்லும். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் அந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் கொட்டகையில் அடிக்கிற காற்று சந்தேகமில்லாமல் பாய்மம்.

விண்மீன்களுக்கு நடுவில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஓர் அணுதான் இருக்கிறது. எங்கள் ஃபேக்டரிக் காற்றில் அதே இடத்துக்குள் இரண்டரை லட்சம் கோடி கோடி அளவு மூலக்கூறுகள் என்று வரும்போது, ஓர் அணு என்பது வெற்றிடம் மாதிரிதான் தோன்றும். கணக்குப் போட்டால் மோதலிடைத் தூரம் ஆயிரம் கோடி கிலோமீட்டர். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல அறுபது, எழுபது மடங்கு. ஆனால் நாம் பார்க்கப்போகிற வாயு மேகமோ பல ஒளியாண்டு அகலம். ஓர் ஒளியாண்டு 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ஆக, மேகத்தின் கண்ணுக்கு அந்தத் தூரமும் பொடிதான். அணு அணுவாக எண்ணக்கூடிய அந்த வாயுவுக்கும் ஆய்லர் சமன்பாடு பொருந்துகிறது. "பாய்மம் என்பது பொருளோட குணம் இல்லீங்க. நீங்க எந்த அளவுல நின்னு பாக்கறீங்கங்கறதுதான்" என்றார் சார். அந்த ஒரு காலைக்கே கட்டணம் தகும் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாவது வாரம் என் தொழிலுக்கே வந்தார். யார் யார் என்ன வேலை என்று முதல் நாளே எழுதி வாங்கியிருந்தார். "கண்ணு, உங்க ஃபேக்டரியில பால் படிய எத்தனை மணி நேரம் ஆகுது?" என்று கேட்டார். சேகோ தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குச்சிக்கிழங்கைத் தோல் உரித்து அரைத்து, சல்லடையில் திப்பியைப் பிரித்தால் வெள்ளைப் பாலாக மாவுத் தண்ணீர் இறங்கும். அதைத் தொட்டியில் விட்டு அசையாமல் வைத்தால் மாவு அடியில் படியும், மேல் தண்ணீரைத் திறந்துவிட்டு ஈர மாவை வெட்டி எடுப்போம். எங்கள் தொட்டியில் ஆறேழு மணி நேரம் விடுவோம். அப்பா தொட்டிக்குள் விளக்கமாற்றுக் குச்சியை விட்டுப் பார்த்து "இன்னும் படியலை" என்று சொல்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

சார் ஸ்டோக்ஸ் விதியைப் பலகையில் போட்டார். மாவுத் துகள் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. கீழே இழுக்கும் எடையும் மேலே தடுக்கும் பாகுநிலையும் சமமாகிற வேகத்தைக் கண்டுபிடித்தால், ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஆறு பங்கு. ஒரு மீட்டர் ஆழம் இறங்க நாலரை மணி நேரம். சின்னத் துகள்களுக்கு இன்னும் அதிகம், ஏனென்றால் வேகம் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி அளவுத் துகளுக்கு நாலு மடங்கு நேரம். எங்கள் ஆறேழு மணி நேரம் அங்கே வந்து உட்கார்ந்தது. கடைசியில் படிகிற மெல்லிய மேல் மாவு ஏன் அத்தனை வழவழப்பு என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது.

அதோடு விட்டிருந்தால் அது பிளஸ் ஒன் பாடம். அடுத்த பக்கத்தில் புதிதாகப் பிறந்த ஒரு விண்மீனைச் சுற்றுகிற வாயுத் தட்டை வரைந்தார். அதற்குள்ளும் தூசு இருக்கிறது, அதுவும் தட்டின் நடுத்தளத்தை நோக்கிப் படிகிறது, அந்தப் படிவிலிருந்துதான் கோள்கள் உருவாகின்றன. நான் உடனே ஸ்டோக்ஸ் விதியை எழுத ஆரம்பித்தேன். சார் என் நோட்டின் மேல் கையை வைத்து, பலகையின் இடது மூலையைக் காட்டினார்.

பூமி இருக்கிற தூரத்தில் அந்தத் தட்டு வாயுவின் மோதலிடைத் தூரம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். தூசோ மைக்ரான் அளவு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தூசின் பக்கத்திலிருந்து பார்த்தால் வாயு பாய்மமே இல்லை; மூலக்கூறுகள் மழைத்துளி மாதிரி ஒவ்வொன்றாக வந்து மோதுகின்றன. அங்கே ஸ்டோக்ஸ் செல்லாது, 1924-இல் எப்ஸ்டீன் கொடுத்த வேறு இழுவை விதி வேண்டும். ஆனால் அதே வாயு, கோடிக்கணக்கான கிலோமீட்டர் அகலத் தட்டுக்குப் பாய்மம்தான். ஒரே வாயு, ஒரே இடம். தட்டுக்கு ஒன்றாகவும் தூசுக்கு வேறாகவும் இருக்கிறது. எங்கள் தொட்டித் தண்ணீருக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. மாவுத் துகள் எவ்வளவு பொடியாக இருந்தாலும் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு அது மலை. அன்று ஃபேக்டரிக்குத் திரும்பிப் போய்த் தொட்டிக் கரையில் அரை மணி நேரம் நின்றிருந்தேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வரை கணக்கு. இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். தகைவு டென்சர் வருகிற இரண்டு வகுப்புகளும் வேகம். சார் பலகையில் எழுதுகிற வேகத்துக்குக் கை ஓடுகிறது, மனசு ஓடவில்லை. கொடுக்கிற ஜெராக்ஸ் குறிப்புகள் கையால் எழுதியவை, பல தடவை நகலெடுத்து மங்கியவை. அடர்த்திக்குப் போடுகிற ரோவும் அழுத்தத்துக்குப் போடுகிற பியும் அதில் ஒரே மாதிரி இருக்கும். ஆற்றல் சமன்பாட்டில் அந்த இரண்டையும் மாற்றிப் படித்து நான் இரண்டு சாயங்காலத்தை இழந்தேன். சேரப் போகிறவர்கள் குறிப்பு கைக்கு வந்ததும் ஒரு கலர் பேனாவால் எல்லா ரோவையும் சுழித்துவிடுங்கள். பகுதி வகைக்கெழு தெரியாமல் வருவதும் வேண்டாம். பிளஸ் டூ முடித்த தம்பி ஒருவர் ரொம்ப ஆர்வமாகச் சேர்ந்தார், ஐந்தாவது வாரத்தோடு வரவில்லை. சேர்க்கும்போதே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம் என்று சாரிடமே சொன்னேன். ஒத்துக்கொண்டார், அடுத்த முறை முதலில் நாலு வாரம் கணக்கு வகுப்பு தனியாக வைப்பதாகச் சொன்னார்.

ஏழாவது வாரம் எல்லோரையும் மாடியில் துணி துவைக்கிற கடப்பாக் கல்லுக்கு அழைத்துப் போனார். குழாயைச் சீராகத் திறந்து கல்லின் நடுவில் தண்ணீர் விழ விட்டார். நீங்களும் இன்றைக்கே செய்து பார்க்கலாம். விழுகிற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரும். வட்டத்துக்குள் தண்ணீர் கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஓடும், வட்டத்தின் விளிம்பில் சட்டென்று எழும்பித் தடிமனாகும், வெளியே மெதுவாகப் போகும். ஒரு குச்சியை வெளிப்பக்கத் தண்ணீரில் வைத்தால் சிற்றலைகள் எல்லாப் பக்கமும் போகின்றன. உள்பக்கம் வைத்தால் குச்சிக்குப் பின்னால் மட்டும் ஆப்பு வடிவத்தில் கோடு விழுகிறது, முன்னால் ஒன்றுமே இல்லை. மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் அலையின் வேகம் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுதான். உள்ளே தண்ணீர் அதைவிட வேகமாக ஓடுகிறது. அதனால் வெளியே என்ன நடக்கிறது என்ற செய்தி உள்ளே ஏறி வரவே முடியாது. வேகம் அலை வேகத்துக்குக் கீழே இறங்குகிற இடத்தில், எச்சரிக்கை இல்லாமல், தண்ணீர் குவிந்து எழும்புகிறது.

அலை வேகத்துக்குப் பதில் ஒலி வேகம் என்று வைத்தால் அதுதான் அதிர்ச்சி அலை. சூரியனிலிருந்து நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாப் பக்கமும் ஓடுகிற சூரியக் காற்றும் ஓரிடத்தில் இப்படித்தான் திடீரென வேகம் குறைந்து தடிக்கிறது. வாயேஜர் 1 விண்கலம் அந்த விளிம்பை 2004 டிசம்பரில், சூரியன்-பூமி தூரத்தைப் போல 94 மடங்கு தொலைவில் கடந்தது. வாயேஜர் 2 கடந்தது 2007 ஆகஸ்டில், 84 மடங்கு தொலைவில். இரண்டு தொலைவும் ஏன் வேறு என்று ஒருவர் கேட்டதும், சார் கல்லின் ஒரு பக்கத்துக்குக் கீழே ஒரு செங்கல் துண்டைச் செருகினார். வட்டம் ஒரு பக்கம் அமுங்கிக் கோணலானது. சூரியக் காற்றுக்கு வெளியே இருக்கிற வாயுவும் காந்தப் புலமும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துவதில்லை என்று அப்புறம் சொன்னார்.

எட்டாவது வாரத்தில் வெடிப்பு. விண்மீன் வெடித்தால் அந்த அலை எவ்வளவு தூரம் பரவும் என்பதற்குச் சமன்பாடே தீர்க்க வேண்டாம், அலகுகளைப் பொருத்தினாலே போதும். ஆற்றல், சுற்றியுள்ள வாயுவின் அடர்த்தி, கடந்த நேரம், இந்த மூன்றையும் சேர்த்து ஒரு நீளம் செய்ய ஒரே வழிதான் இருக்கிறது: ஆற்றலை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அடர்த்தியால் வகுத்து, ஐந்தாம் மூலம். ஜி.ஐ. டெய்லரும் ரஷ்யாவில் செடோவும் தனித்தனியாகக் கண்டது இது. 1945-இல் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையின் படங்களிலிருந்து குண்டின் ஆற்றலை டெய்லர் கணக்கிட்டு 1950-இல் வெளியிட்டார். நாங்களும் போட்டோம். 25 மில்லி விநாடியில் தீப்பந்தின் ஆரம் 140 மீட்டர் என்று வைத்தால் 25 கிலோ டன் அளவு வருகிறது, சரியான விடைக்குப் பக்கத்தில். அதே சூத்திரத்தில் ஒரு சூப்பர்நோவாவின் ஆற்றலையும், கன சென்டிமீட்டருக்கு ஓர் அணுவையும், ஆயிரம் ஆண்டையும் போட்டால் ஆரம் 15 ஒளியாண்டு. ஒரு பக்கக் காகிதம் அது. என் நோட்டில் நான் ரொம்பப் பத்திரமாக வைத்திருக்கிற பக்கம்.

கம்ப்யூட்டர் வகுப்புகள் இரண்டு. ஐந்து பேருக்கு ஒரு லேப்டாப், அதனால் பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் வீட்டில் தனியாக எழுதிப் பார்த்தேன். ஒரு குழாயின் பாதியில் அதிக அழுத்த வாயு, மறுபாதியில் குறைந்த அழுத்த வாயு, நடுத் தடுப்பை எடுத்தால் என்ன ஆகும் என்ற பழக்கமான சோதனை. குழாயைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நேரத்தை அடி அடியாக நகர்த்தினேன். நாற்பதாவது அடியில் எண்கள் எல்லாம் வெடித்துவிட்டன. போனில் கேட்டதற்கு, "ஒரு அடியில ஒலி ஒரு கட்டத்தைத் தாண்டிப் போகுதா பாருங்க" என்று மட்டும் சொன்னார். தாண்டித்தான் போயிருந்தது. நேர அடியைப் பாதியாக்கியதும் சரியாக ஓடியது. கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-லேயே சொன்ன நிபந்தனை. விடையைக் கையில் தராமல் தேட வைக்கிற அந்தப் பழக்கம் எனக்கு ஒத்துப்போகிறது, எல்லோருக்கும் ஒத்துப்போகாது. ஆனால் லேப்டாப் பற்றாக்குறையைச் சரிசெய்ய வேண்டும்.

பதின்மூன்றாவது வாரம் ஏற்காடு. இந்த இரண்டு நாளுக்காகவே ஒருவர் சேரலாம். பஸ்ஸில் ஏறுமுன் சார் ஆளுக்கு ஒரு காற்றடைத்த தட்டுவடைப் பாக்கெட் கொடுத்துப் பிரிக்கக் கூடாது என்றார். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் பாக்கெட் உப்பித் தலையணை மாதிரி ஆகிவிட்டது. என் போனில் அழுத்தம் காட்டுகிற வசதி உண்டு. சேலத்தில் 981 மில்லிபார் இருந்தது, ஏரிக்கரையில் 851. தலைக்கு மேல் இருக்கிற காற்றின் எடையில் ஏழெட்டில் ஒரு பங்கைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அழுத்த வேறுபாடு ஈர்ப்பைத் தாங்கிப் பிடிக்கிறது என்ற சமநிலை, சூரியனின் உள்ளேயும் இதே சமன்பாடு, இதே குறி.

வகுப்பில் நாலு பேர் வேண்டுமென்றே சேலத்திலேயே தங்கியிருந்தார்கள். காலை 9 மணிக்கு மொட்டை மாடி நிழலில் அவர்களும் ஏரிப் பக்கம் மர நிழலில் நாங்களும் ஒரே நேரத்தில் வெப்பநிலை பார்த்துப் போனில் சொல்லிக்கொண்டோம். அங்கே 29, இங்கே இருபதரை. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1,500. ஆகக் கிலோமீட்டருக்கு ஏழு டிகிரி குறைகிறது. இப்போது கீழேயிருந்து ஒரு கைப்பிடிக் காற்றை, வெப்பம் கூட்டாமல் குறைக்காமல், மேலே தூக்குவதாக நினையுங்கள். விரிவதாலேயே அது கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும். சுற்றிலும் இருப்பதைவிடக் குளிர்ந்து கனத்து, மறுபடி கீழே இறங்கிவிடும். சுற்றியிருப்பது அதைவிட வேகமாகக் குளிர்ந்தால்தான் அந்தக் கைப்பிடிக் காற்று மேலே போய்க்கொண்டே இருக்கும், அடுப்பில் கொதிக்கிற பால் மாதிரி. இதை 1906-இல் விண்மீன்களுக்கு எழுதியவர் கார்ல் ஷ்வார்ட்ஷில்டு. சூரியனின் வெளிப்புற முப்பது சதவீத ஆழத்தில் இந்தக் கொதிப்பு நடக்கிறது. மேற்பரப்பில் ஆயிரம் கிலோமீட்டர் அகலக் கொப்புளங்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிடம் இருந்து கலைகின்றன.

அப்படியானால் காற்று நிலையாக இருக்கிறதே, பின்னே மத்தியானம் மலை மேல் மேகம் எப்படி எழும்புகிறது என்று எங்களோடு வந்திருந்த ஒரு டீச்சர் கேட்டார். சார் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஈரம் முழுக்க நிறைந்த காற்று ஏறும்போது நீராவி துளியாகி வெப்பத்தை விடுகிறது, அதனால் அது ஐந்தாறு டிகிரிதான் குளிரும், ஏழு டிகிரி குறைகிற காற்றுக்குள் அது லேசாகி ஏறிவிடும் என்றார். இரண்டு மணிக்கு அண்ணாந்து பார்த்தபோது சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் காலிஃபிளவர் மாதிரி குமிழ் குமிழாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. விளக்கம் கேட்டு இரண்டு மணி நேரத்துக்குள் கண்முன்னே நடந்தது.

ராத்திரி லேடீஸ் சீட். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் கீழே சேலத்து விளக்குகள் முழுக்கத் தெரிந்தன. அங்கே உட்கார்ந்து சார் இயற்பியலாளர் யூஜின் பார்க்கரின் கதையைச் சொன்னார். சூரியனின் வெளி வளிமண்டலம் பத்து லட்சம் டிகிரி. அது அசையாமல், எங்கள் பாக்கெட் கணக்கு மாதிரி, தன் எடையைத் தாங்கி நிற்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், எவ்வளவு தூரம் போனாலும் அழுத்தம் பூச்சியமாவதில்லை. விண்மீன்களுக்கு நடுவிலுள்ள வாயுவின் அழுத்தத்தைவிட அது மிக அதிகமாகவே மிஞ்சுகிறது. தடுத்து நிறுத்த ஆளில்லை. அப்படியானால் அது நிற்க முடியாது, ஓடித்தான் ஆக வேண்டும். அதுதான் சூரியக் காற்று. சூரியன் பக்கத்தில் மெதுவாகக் கிளம்பி, சூரிய ஆரத்தைப் போல ஆறேழு மடங்கு தூரத்தில் ஒலி வேகத்தைத் தாண்டுகிறது. 1958-இல் பார்க்கர் இதை எழுதி அனுப்பியபோது மதிப்பீட்டாளர்கள் இருவரும் வேண்டாம் என்றார்கள். இதழின் ஆசிரியர் நம் விண்ணியற்பியலாளர் சந்திரசேகர். அவருக்கும் முடிவில் சம்மதமில்லை, ஆனால் கணக்கில் தவறு எதுவும் இல்லை என்று பார்த்து வெளியிட்டார். 1962-இல் மரைனர் 2 வெள்ளிக் கோளுக்குப் போகும் வழி நெடுக அந்தக் காற்றை அளந்தது. 2024 ஜனவரியில் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த நம் ஆதித்யா எல்-1 விண்கலமும் அதை அளக்கிறது. தனக்குப் பிடிக்காத முடிவைக் கணக்குச் சரி என்பதற்காக அச்சில் ஏற்றிய அந்த மனசைப் பற்றிச் சார் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் தொண்டை அடைத்தது.

அப்போதுதான் பலகையின் இடது மூலை நினைவுக்கு வந்து கேட்டேன். "சார், பூமிக்கிட்ட சூரியக் காற்றுல கன சென்டிமீட்டருக்கு ஐந்து புரோட்டான் அளவுதான். மோதலிடைத் தூரம் எவ்வளவு வரும்?" கணக்குப் போடச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் போட்டோம். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் அளவுக்கே வந்தது. துகள் ஒன்று கிளம்பினால் இங்கே வந்து சேரும் வரை மோதாமலே வரலாம். அப்படியானால் இது பாய்மம்தானா? பார்க்கரின் கணக்கு எப்படிச் சரியாக வந்தது? கல்லின் மேல் பார்த்த வட்டம் எப்படி அங்கே உருவாகிறது? சார் சிரித்துக்கொண்டே, "மோதல் செய்யற வேலையை அங்க காந்தப் புலம் செய்யுது. கீழ போய்ப் பாக்கலாம்" என்றார்.

கீழே போய்ப் பார்த்தது போதவில்லை. இந்த வகுப்பின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். காந்தப் பாய்மவியலுக்குக் கடைசி மூன்று வாரங்கள்தான் மிச்சம், அதிலும் ஒரு வாரம் மழையில் கரண்ட் போய்ப் பாதியில் நின்றது. புரோட்டான் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழல்கிற வட்டத்தின் ஆரம் நூறு கிலோமீட்டருக்குள்தான், அதனால் கோட்டுக்குக் குறுக்கே அது வெகுதூரம் ஓட முடியாது, ஆகவே பெரிய அளவில் கூட்டம் ஒன்றாகவே நகர்கிறது என்பது வரை புரிந்தது. கோட்டின் நீளவாக்கில் என்ன தடுக்கிறது என்ற கேள்விக்கு இருபது நிமிடத்தில் பதில் முடிந்தது. பதினாறு வாரம் பலகையில் இருந்த கேள்வியின் மிகக் கடினமான இடம் அது. வெடிப்புக் கணக்கிலிருந்து ஒரு வாரத்தை எடுத்தாவது இதற்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த மூன்று வாரங்களிலும் ஒரு காலை மறக்க முடியாதது. கருந்துளையைச் சுற்றுகிற வாயுத் தட்டில் வாயு ஏன் உள்ளே விழுகிறது? கோண உந்தத்தை, அதாவது சுற்றுவதால் வருகிற உந்தத்தை, யாரிடமாவது கொடுத்தால்தான் உள்ளே போக முடியும். மூலக்கூறுகளின் பாகுநிலையை நம்பினால் பிரபஞ்சத்தின் வயதே போதாது. 1973-இல் ஷகூராவும் சுன்யாயெவும் தெரியாததையெல்லாம் ஆல்பா என்ற ஒரே எண்ணில் வைத்து வேலையை நடத்தினார்கள். காரணம் 1991-இல் பால்பஸ், ஹாலி இருவராலும் தெளிவானது; அதன் வேர் வெலிகோவும் சந்திரசேகரும் 1960-ஐ ஒட்டி எழுதிய கட்டுரைகளில் இருந்தது. சார் இரண்டு பேரை மாடியில் உள்வட்டம், வெளிவட்டம் என்று நடக்கவிட்டு, சைக்கிள் டியூபை வெட்டி நடுவில் பிடிக்கச் சொன்னார். உள்ளே இருப்பவர் முந்துகிறார், டியூப் அவரைப் பின்னால் இழுக்கிறது, வெளியே இருப்பவரை முன்னால் இழுக்கிறது. பின்னால் இழுபட்டவர் உந்தத்தை இழந்து இன்னும் உள்ளே விழுந்து இன்னும் வேகமாவார், வாங்கியவர் இன்னும் வெளியே போவார், டியூப் இன்னும் நீளும். மாடியில் நடுவை நோக்கி இழுக்கிற ஈர்ப்பு இல்லாததால் கடைசிப் பகுதியை நாம் நினைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சாரே சொன்னார். காந்தக் கோடு அங்கே அந்த டியூப்.

சில்லறை விஷயங்கள்: படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே சொன்னால் கீழ் ஹாலில் எடுக்கிறார். பைக் நிறுத்த இடம் உண்டு, கார் என்றால் மெயின் ரோட்டில்தான். எட்டே முக்காலுக்குச் சார் வீட்டு அம்மா தருகிற காபி நன்றாக இருக்கும். பாடம் முழுக்கத் தமிழில். கலைச்சொல்லைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகையில் எழுதிவிட்டு எது நாக்குக்கு வருகிறதோ அதைச் சொல்லுங்கள் என்பார். தேர்வு, சான்றிதழ் எதுவும் கிடையாது. ஐந்துக்கு மார்க் போடச் சொன்னால் நாலரை போடுவேன், அந்த அரையைக் காந்தத்துக்கும் மங்கின ஜெராக்ஸுக்கும் கழித்துக்கொண்டேன்.

அடுத்த தொகுப்பு தையில். இந்த முறை காந்தத்துக்கு ஐந்து வாரம் ஒதுக்குவதாகச் சார் சொல்லியிருக்கிறார், அந்த ஐந்து வாரத்துக்கு மட்டும் நான் மறுபடி போகப் போகிறேன். இரண்டாவது ஞாயிறு வகுப்பை எங்கள் தொட்டிக் கரையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அண்ணனிடம் பேசிவிட்டேன். அன்றைக்கு அரவை இருக்கும். முதல் பால் தொட்டியில் இறங்குவது காலை ஆறு மணிக்கு, அதனால் வருகிறவர்கள் ஐந்தரைக்கே கிளம்பிவிட வேண்டும்.